நஷ்டத்துல ஓடுற துணிக்கடை ஷேர்: இந்த வாரக் கேள்விகள்

எங்க ஊர் மால்ல இருக்கற துணிக்கடைல எப்பவும் கூட்டம், ஆனா ஷேர் மட்டும் இறங்கிட்டே இருக்கு. வாங்கலாமா சார்?

கூட்டம் ஏசிக்கு வந்துச்சா, துணி எடுக்க வந்துச்சான்னு பாருங்க. ட்ரையல் ரூம் வாசல்ல நிக்கறவங்கள விட்டுட்டு பில்லிங் கவுண்டர்ல நிக்கறவங்கள எண்ணுங்க. பொங்கல் முடிஞ்ச பிறகும் தீபாவளி ஸ்டாக் பாதி விலை ஸ்டிக்கரோட ரேக்ல தொங்குதுன்னா அந்தக் கூட்டத்தால மார்ஜின் போகுதே தவிர லாபம் வராது. சேல்ஸ் வளர்ச்சி புதுக் கடை தொறந்ததால வந்ததா, பழைய கடைல வந்ததான்னும் பிரிச்சுப் பாருங்க, பழைய கடைதான் நெஜம்.

ஆதித்ய பிர்லா ஃபேஷன் 2025ல ஒரே நாள்ல மூணுல ரெண்டு பங்கு விழுந்துடுச்சே, கம்பெனி காலியா?

டீமெர்ஜர், அதாவது ஒரு கம்பெனி ரெண்டாப் பிரியறது. லூயி ஃபிலிப், வான் ஹூசன், ஆலன் சோலி பிராண்ட் எல்லாம் தனிக் கம்பெனியா போச்சு, ஒண்ணுக்கு ஒண்ணு ஷேர் உங்க டீமேட் கணக்குலயே வந்து உக்காந்திருக்கும். கேள்வி அனுப்பறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ தொறந்து பாத்திருக்கலாம்.

நான் பாக்கற துணிக்கடை செயின்ல எபிட்டா (வட்டி, டாக்ஸ், தேய்மானம் கழிக்கறதுக்கு முன்னால இருக்கற லாபம்) மார்ஜின் 15%, ஆனா நெட் லாபம் மைனஸ். எபிட்டா நல்லா இருக்கறதால சீக்கிரம் லாபத்துக்கு வந்துரும்ல?

இந்தக் கேள்விக்கு எத்தனை தடவதான் பதில் எழுதறது! 2019 ஏப்ரல்ல இருந்து லீஸுக்கான இண்ட் ஏஎஸ் 116ங்கற கணக்கு விதி வந்தாச்சு, அதுக்கப்புறம் கடை வாடகைல பெரும்பகுதி வாடகைன்னு செலவுல வர்றதே இல்ல, தேய்மானம்னு கொஞ்சம், வட்டின்னு கொஞ்சமா பிரிஞ்சு எபிட்டாவுக்குக் கீழ போயி ஒளிஞ்சுக்குது. தோராயமா சொல்றேன், சேல்ஸ் 100 கோடி, சரக்கு சம்பளம் கரண்ட் எல்லாம் 85, வாடகை 12ன்னா பழைய கணக்குல எபிட்டா 3 கோடி, புதுக் கணக்குல அதே கடை, அதே கல்லா, ஆனா 15 கோடி! துணிக்கடைக்கு சரக்கு, சம்பளத்துக்கு அடுத்து பெரிய செலவே வாடகைதான், அத எடுத்துட்டு லாபம் பேசினா யார் கடைதான் லாபத்துல ஓடாது? அத விடக் கொடுமை, ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோவும் (தொழில்ல இருந்து வந்த ரொக்கம்) அழகா தெரியும், ஏன்னா வாடகைக்குக் கட்டற பணம் கேஷ் ஃப்ளோ கணக்குல ஃபைனான்சிங் பகுதில 'லீஸ் லயபிலிட்டி'ங்கற லைனுக்குப் போயிருக்கும். அந்த லைனத் தேடிப் பிடிச்சு ஆபரேட்டிங்ல இருந்து கழிங்க, மிச்சம் இருக்கறதுதான் கடை சம்பாதிச்சது. நல்ல கம்பெனிங்க பிரசன்டேஷன்ல பழைய கணக்கையும் சேர்த்தே குடுக்கறாங்க. குடுக்காதவங்க கிட்ட நான் போறதில்ல.

220ல வாங்கினேன், இப்ப 90. இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணலாமா?

கம்பெனி பேரே எழுதல, நான் என்ன ஜோசியமா பாக்கறது? லீஸ் லயபிலிட்டி லைன், கடன், ஸ்டாக் எத்தன நாளா தேங்குது, இந்த மூணையும் பாக்காம ஆவரேஜ் பண்ணாதீங்க.

நஷ்டத்துல இருந்து மீண்டு டர்ன்அரவுண்ட் ஆகும்னு நம்பி இந்த மாதிரி ஷேர்ல காத்திருக்கலாமா?

கடை பிழைக்கறது வேற, உங்க ஷேர் பிழைக்கறது வேற. விஷால் ரீடெய்ல் 2007ல 270 ரூபாய்க்கு ஐபிஓ (முதல் பொதுப் பங்கு வெளியீடு) வந்துச்சு, கடன் வாங்கி வாங்கிக் கடை தொறந்து மூச்சு முட்டி, கடைசில கடைகள டிபிஜிங்கற முதலீட்டு நிறுவனம், ஸ்ரீராம் குரூப் கிட்ட வெறும் 70 கோடிக்குக் குடுக்க வேண்டியதாச்சு. அதே விஷால் மெகா மார்ட் 2024 டிசம்பர்ல 78 ரூபாய் விலைல ஐபிஓ வந்தப்ப மதிப்பு ஏறக்குறைய 35,000 கோடி. டர்ன்அரவுண்ட் ஆகிடுச்சு, ஆனா பலன் கடைய வாங்கினவங்களுக்கு. பழைய ஷேர்ஹோல்டர் கைல இருந்த கம்பெனி வீ2 ரீடெய்ல்னு பேர் மாத்தி முதல்ல இருந்து ஆரம்பிச்சுது. அதுவும் பின்னால நல்லாவே எழுந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா அதுக்குப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, அவ்வளவு நாள் எத்தன பேர் பிடிச்சிட்டு இருந்திருப்பாங்க?

ஃப்யூச்சர் குரூப்போட ஃப்யூச்சர் லைஃப்ஸ்டைல் ஷேர் இன்னும் டீமேட்ல கிடக்கு. ஏதாவது வருமா?

எதிர்பாக்காதீங்க. 2020ல ரிலையன்ஸ் 24,713 கோடிக்கு ஃப்யூச்சர் குரூப் கடைகள வாங்கறேன்னு சொன்னப்ப அத நம்பி வாங்கினவங்க நெறைய. அமேசான் கேஸ் போட்டுச்சு, 2022 ஏப்ரல்ல கடன் குடுத்த பேங்குங்க டீல வேணாம்னு ஓட்டு போட்டாங்க, அதோட முடிஞ்சுது. திவால் வரிசைல ஈக்விட்டிக்காரன், அதாவது ஷேர்ஹோல்டர், கடைசி ஆள், முன்னால நிக்கற பேங்குக்கே முழுசா கிடைக்காது. நஷ்டத்த இன்கம் டாக்ஸ்ல காட்டணும்னாலும் ஷேர வித்தாத்தான் முடியும், ட்ரேடிங் நின்னுட்டா அதுவும் கஷ்டம். அதனாலதான் சொல்றேன், கடன பாருங்க, லீஸ பாருங்க.

போத்தீஸ் ஷேர் எந்த எக்ஸ்சேஞ்ச்ல கிடைக்கும்?

எதுலயும் இல்ல, லிஸ்ட் ஆகல. பட்டுப்புடவைக் கடைதான் வேணும்னா சாய் சில்க்ஸ் கலாமந்திர் 2023ல 222 ரூபாய்க்கு வந்துச்சு, முகூர்த்தம் கம்மியான குவார்ட்டர் ரிசல்ட்டையும் சேர்த்துப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.