நவம்பரில் படகு எங்கே நிற்கும்?

வணக்கம் சார்,

கடல் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கு வயது 51. சில வருடங்களாக டிங்கி என்ற சின்னப் பாய்ப் படகில் பாய் பிடித்துப் பழகியிருக்கிறேன். இப்போது ஒருவர் தன் 26 அடி பாய்மரப் படகை விற்கிறார். 1980-களில் வெளிநாட்டில் கட்டிய ஃபைபர் படகு. உள்ளே இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், சின்ன டீசல் எஞ்சின் இருக்கிறது. புது காருக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவாகத்தான் கேட்கிறார். நானும் மனைவியும் புதுச்சேரி வரை போய் வர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மகளோ, "நாற்பது வருஷப் படகை யாராவது வாங்குவாங்களாப்பா?" என்கிறாள். வாங்கலாமா? வாங்குவதென்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ம., திருவான்மியூர்

அன்புள்ள ம.,

மகளின் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஃபைபர் படகுக்கு நாற்பது வருடம் பெரிய வயதில்லை. உலகத்தைத் தனியாளாகச் சுற்றிவரும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 1988-க்கு முன் வடிவமைத்த, 32 முதல் 36 அடி வரையுள்ள படகுகளைத்தான் அனுமதிக்கிறார்கள். நம் அபிலாஷ் டோமி 2023 ஏப்ரலில் அதில் இரண்டாவதாக வந்தது அப்படி ஒரு பழைய வடிவப் படகில்தான். இன்னும் பின்னால் போனால், எங்கும் நிற்காமல் முதன்முதலில் தனியாக உலகத்தைச் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி' பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. 1968-69 பயணத்தில் அதன் அடிப்பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தது. அவர் நடுக்கடலில் முங்கி, இடுக்கில் பஞ்சை அடைத்து, மேலே செப்புத் தகடு வைத்து ஆணி அடித்துச் சரிசெய்தார். அந்தப் படகு கட்டப்படும்போது கூடவே இருந்தவர் அவர். எந்தப் பலகை எங்கே சேர்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே வயதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் எஞ்சின் இருக்கிறது, படுக்கை இருக்கிறது, விலை இருக்கிறது. நவம்பரில் அந்தப் படகு எங்கே நிற்கும் என்பது மட்டும் இல்லை. நம் கரையில் படகு வாங்குகிறவர் முதலில் தீர்க்க வேண்டியது அதைத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சென்னையிலிருந்து புதுச்சேரி வரை நேர்க்கோடு போட்ட மாதிரி மணல் கரை. இயற்கையான துறைமுகம் ஒன்றுகூட இல்லை. சென்னைத் துறைமுகமே கல்லைக் கொட்டி உண்டாக்கியது. அந்தச் சுவர்களை முதலில் கட்டி முடிக்கும் சமயத்தில், 1881 நவம்பர் புயல் அவற்றில் ஒரு பகுதியை இடித்துத் தள்ளிவிட்டது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர்கள் புயல் எச்சரிக்கை வந்ததும் படகை மணலில் ஏற்றிவிடுகிறார்கள். அடியில் நான்கடி ஆழத்துக்குக் கீல், அதாவது படகைக் கவிழாமல் காக்கும் கனமான தகடு, தொங்கும் உங்கள் படகை அப்படி ஏற்ற முடியாது. கிரேன் வேண்டும், கீலைத் தாங்கும் இரும்புத் தொட்டில் வேண்டும், பாய் கட்டும் கம்பமான மாஸ்ட்டை இறக்கிப் படுக்கவைக்க இடமும் ஆளும் வேண்டும். இரண்டரை, மூன்று டன் எடையை மழைக்கு முந்தைய நாள் அவசரத்தில் தூக்குவது சாதாரண வேலையில்லை.

துறைமுகத்துக்குள் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. அங்கேயோ வேறெங்கேயோ, அக்டோபர் முதல் டிசம்பர் வரை படகைக் கரையில் ஏற்றிவைக்க இடம் தருவார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் விற்பவரிடம் ஒரு கேள்வி: 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று இந்தப் படகு எங்கே இருந்தது? 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் அன்று எங்கே இருந்தது? அப்போது படகு அவர் கையில் இருந்திருந்தால் அந்த நாள் அவருக்கு மறந்திருக்காது. எங்கே தூக்கினார், யார் தூக்கினார்கள், என்ன செலவு என்று எல்லாம் சொல்வார். அந்தப் பதிலில் படகைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

கரையேற்ற இடம் கிடைக்கவில்லை என்றால் இந்தப் படகை வாங்காதீர்கள். எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் வேண்டாம். கீலை மேலே இழுத்துக்கொள்ளக்கூடிய 20, 22 அடிப் படகாகப் பாருங்கள். டிரெய்லரில் வைத்து உங்கள் தெருவரை கொண்டுவந்துவிடலாம். முட்டுக்காடு உப்பங்கழியிலும் ஓட்டலாம், காற்று நன்றாக இருக்கும் மாதங்களில் வெளிக்கடலுக்கும் போகலாம்.

இடம் கிடைத்துவிட்டது என்றால், இனி படகைப் பார்ப்போம். தண்ணீரில் மிதக்கும்போது பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தூக்கி வைக்கச் சொல்லுங்கள், அந்தச் செலவு உங்களுடையதாக இருந்தாலும் சரி. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மேல்தளம் முழுவதும் ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் மேல்தளம் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம் வைத்துக் கட்டியது. போல்ட் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி மரம் ஊறிப்போயிருந்தால் 'டக்' என்று வராமல் மொத்தையாக ஒரு சத்தம் வரும். உள்ளங்கை அளவு என்றால் சரிசெய்துகொள்ளலாம். மாஸ்ட்டைச் சுற்றிலும் அப்படி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடிப்பகுதியில் சிறு கொப்புளங்கள் இருந்தால் பயப்படத் தேவையில்லை. உடைத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி பூசலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது மாஸ்ட்டைப் பிடித்திருக்கும் கம்பிகள்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை உப்புக் காற்றில் ஆபத்தானது. கம்பியின் முனை குழலுக்குள் நுழையும் இடத்திலும், கம்பியைப் படகோடு சேர்க்கும் தகடு மேல்தளத்துக்குள் மறையும் இடத்திலும் காற்றுப் படாமல் ஈரம் தேங்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். கம்பிகள் மாற்றிப் பத்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது என்றாலோ, எப்போது மாற்றியது என்று விற்பவருக்கே தெரியவில்லை என்றாலோ, எல்லாவற்றையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். மண்ணடிக் கடைகளில் வாங்கினால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானா என்று சான்றோடு கேட்டு வாங்குங்கள். 304 நம் கடலுக்குத் தாங்காது.

பாய்த் துணி நன்றாக இருந்தாலும் நம் வெயில் முதலில் தின்பது தையல் நூலை. நகத்தால் கீறிப் பாருங்கள், நூல் பொடிந்தால் முழுவதையும் திரும்பத் தைக்க வேண்டும். அடியில் தண்ணீர் வரும் வால்வுகள் பித்தளையாக இருந்தால் வெண்கலத்துக்கு மாற்றுங்கள். உப்புநீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை உறிஞ்சிவிடும், ஒரு நாள் கைப்பிடி கையோடு வந்துவிடும். எஞ்சினுக்கு நல்ல டீசல் மெக்கானிக் போதும். படகின் அடியில் ஒட்டி வளரும் சிப்பி போன்ற கொட்டலசு பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும்: செம்பு கலந்த பெயின்ட் அடித்தாலும் நம் வெதுவெதுப்பான தண்ணீரில் சும்மா நிற்கும் படகில் அது வேகமாக ஏறும். அடிக்கடி ஓடும் படகில்தான் அந்தப் பெயின்ட் ஒழுங்காக வேலை செய்யும்.

ஃபைபர் வேலைக்கு காசிமேட்டில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். நீங்களும் மாஸ்க் போட்டுக்கொண்டு உரசுங்கள், ரெசின் கலக்குங்கள். காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இரவில் கடலில் ஏதோ ஒழுகினால், அந்த மூலைக்குள் கை விட்டுப் பழகியவருக்குத்தான் எங்கே தேடுவது என்று தெரியும்.

சரி, புதுச்சேரி. துறைமுகத்திலிருந்து சுமார் 75 கடல் மைல். மணிக்கு நாலு கடல் மைல் போகும் படகுக்கு 19 மணி நேரம் ஆகும். நம் கரையோர நீரோட்டம் மழைக்காலத்தில் தெற்கே ஓடும், பிப்ரவரி வாக்கில் திரும்பி மார்ச், ஏப்ரலில் வடக்கே பலமாக ஓடும். மணிக்கு ஒரு மைல் நீரோட்டம் கூட வந்தால் பயணம் 15 மணி, எதிர்த்தால் 25 மணி. வாடை இன்னும் மிச்சமிருக்கும் ஜனவரிக் கடைசியில் அமைதியான நாளாகப் பார்த்து இறங்குங்கள், மார்ச் கடைசியில் தென்றலோடு ஏறி வாருங்கள். நடுவில் படகு அங்கே தங்கட்டும், நீங்கள் பஸ்ஸில் வந்து போகலாம். அதற்கும் முன்கூட்டியே இடம் பேசிவைக்க வேண்டும். புதுச்சேரி முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும். பிற்பகலில் இங்கே கிளம்பினால் காலையில் போய்ச் சேரலாம். பகல் வெளிச்சத்தில், உள்ளூர் மீனவரிடம் ஆழம் கேட்டுக்கொண்டு மட்டும் உள்ளே போங்கள்.

இரவில் கப்பலைவிட வலைதான் பெரிய கவலை. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு எதிரே நன்றாக வெளியே தள்ளிப் போக வேண்டும், மற்ற இடங்களில் விளக்கே இல்லாத சின்ன ஃபைபர் படகுகளும் மிதவைக் கொடிகளும் இருக்கும். ஒருவர் தூங்கினால் மற்றவர் கண்டிப்பாக விழித்திருக்க வேண்டும். வலையில் மாட்டிக்கொண்டால் அறுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நில்லுங்கள், வலைக்காரருக்காகக் காத்திருங்கள், சேதத்துக்குப் பணம் கொடுங்கள். நாம் ஆசைக்குப் போகிறோம், அவர்கள் பிழைப்புக்கு வந்திருக்கிறார்கள். கிளம்பும் முன் கடலோரக் காவல் குழுமத்துக்குத் தகவல் சொல்லுங்கள். விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலைத் திறந்தே வையுங்கள், கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை சுக்கானுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் மனைவி டிங்கி ஓட்டுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டமாட்டார் என்றால் புதுச்சேரியைத் தள்ளிப் போடுங்கள். இரண்டு பேர் போகும் படகில் நீங்கள் தவறி விழுந்தால் உங்களைத் தூக்க அவர் ஒருவர்தான் இருப்பார். ஒரு மிதவையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, படகைத் திருப்பி, பாயைத் தளர்த்தி, அதன் பக்கத்தில் நிறுத்தி எடுக்க அவர் தனியாகப் பழகட்டும். நீங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருங்கள். காற்று வலுக்கும்போது பாயைச் சுருக்கவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படகைத் தூக்கிவைக்க விற்பவர் சம்மதித்தால் நாளைச் சொல்லுங்கள். நானும் வருகிறேன், மேல்தளத்தைச் சேர்ந்து தட்டிப் பார்ப்போம்.

அன்புடன்.