பேரேரியில் படகு, மரத்தில் வில், சதுப்பில் வாத்து: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் அமெரிக்காவின் பேரேரிகள் (கிரேட் லேக்ஸ்) பகுதியில் செய்யும் ட்ரோலிங், வில்வேட்டை, வாத்துவேட்டை பற்றியவை. ஆகவே ஆழம் அடியிலும், வேகம் மணிக்கு இத்தனை மைல் என்றும், வெப்பம் பாரன்ஹீட்டிலும் இருக்கும். ட்ரோலிங் என்றதும் யாரையோ கலாய்க்கிறார்கள் என்று நினைத்து உள்ளே வந்தவர்களுக்கு: ஓடும் படகுக்குப் பின்னால் போலி இரையை இழுத்துப் போய் மீன் பிடிப்பதைத்தான் இங்கே பேசுகிறோம்.

கே: அண்ணா, ஏப்ரலில் மிச்சிகன் ஏரியில் முதல்முறை படகை இறக்குகிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். எங்கே தொடங்குவது?

ப: கரையை ஒட்டியே இருங்கள் தம்பி. நன்னீர் மிக அடர்த்தியாக இருப்பது 39 டிகிரியில். குளிர்காலம் முடிந்த கையோடு ஏரியின் நடுப்பகுதி ஏறக்குறைய அந்த அளவில்தான் கிடக்கும். வெயில் முதலில் சூடேற்றுவது 5 முதல் 20 அடி ஆழமுள்ள கரையோரத்தையும் ஆறு கலக்கும் முகத்தையும்தான். சுற்றியுள்ள நீரைவிட இரண்டு மூன்று டிகிரி கூடியிருந்தாலே இரைமீன் அங்கே கூடும். பிரவுன் ட்ரவுட்டும் கோஹோ சால்மனும் பின்னாலேயே வரும். ஆற்றுக் கலங்கலும் தெளிந்த நீரும் கோடு கிழித்தாற்போலச் சந்திக்கும் இடம் கிடைத்தால் அந்தக் கோட்டோரமாகவே ஓட்டுங்கள்.

ஆழமில்லாத இடத்தில் படகு தலைக்கு மேல் போனால் மீன் ஒதுங்கிவிடும். அதற்குத்தான் பிளேனர் போர்டு. இது தூண்டில் நரம்பில் மாட்டும் மிதவைப் பலகை. இழுக்க இழுக்கப் படகைவிட்டுப் பக்கவாட்டில் விலகி ஓடும். போலி இரையைப் பின்னால் 60 முதல் 100 அடி விட்டு, அதன்பின் பலகையை மாட்டி, படகிலிருந்து 50 அடியாவது விலக விடுங்கள். சிறிய ஸ்டிக்பெய்ட் (மெலிந்து நீண்ட மீன்வடிவப் போலி இரை), வேகம் 1.5 முதல் 2 மைல். தண்ணீர் குளிர்ந்திருக்க இருக்க மெதுவாகவே போக வேண்டும்.

கே: வளையும்போது மட்டும் ஒரு பக்கப் பலகையில் மீன் விழுகிறது. நேராகப் போனால் ஒன்றும் இல்லை. தற்செயலா?

ப: மீன் உங்களுக்கு வேகம் சொல்லித் தருகிறது. படகு வளையும்போது உள்பக்கத்துப் பலகை மெதுவாகும், வெளிப்பக்கத்துப் பலகை வேகமெடுக்கும். உள்பக்கத்தில் கடித்தால் மொத்த வேகத்தை 0.2 மைல் குறையுங்கள், வெளிப்பக்கத்தில் கடித்தால் கூட்டுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு தடவை கடித்த பிறகு மாற்றினால் போதும். ஒரு கடியை நம்பி எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

கே: ஜூலையில் சோனார் திரையில் 60 அடியில் மீன் தெரிகிறது. டவுன்ரிகரை (கம்பியில் கனமான குண்டைத் தொங்கவிட்டு இரையை ஆழத்தில் இழுக்கும் கருவி) 60 அடி இறக்கினேன், ஜிபிஎஸ்ஸில் 2.5 மைல். ஒரு மணிநேரம் ஒன்றும் கடிக்கவில்லை.

ப: இதில் மூன்று பிழைகள் ஒளிந்திருக்கலாம்.

முதலாவது, மீட்டர் 60 என்று காட்டுவது வெளியே விட்ட கம்பியின் நீளத்தை. படகு ஓடும்போது குண்டு பின்னால் தள்ளப்படும். கம்பி செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் குண்டு இருப்பது ஏறக்குறைய 52 அடியில். 45 டிகிரி என்றால் 42 அடியில்தான். 10 பவுண்டு குண்டுக்குப் பதில் 12 பவுண்டு போட்டால் சாய்வு குறையும். அதற்காக மீனுக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். சால்மன் மேல்நோக்கிப் பார்த்துத் தாக்கும் மீன். இரை அதன் கண்ணுக்குச் சற்று மேலே ஓட வேண்டும்.

இரண்டாவது வேகம். ஜிபிஎஸ் சொல்வது நிலத்தை வைத்துப் படகின் வேகம். 60 அடி ஆழத்தில் வேறொரு நீரோட்டம் இருக்கும். வடக்கே போகும்போது 2.5, தெற்கே திரும்பும்போதும் 2.5 என்று திரையில் காட்டும். கம்பியின் சாய்வோ வேறுபடும். சாய்வு அதிகமென்றால் கீழே வேகம் அதிகம். மீன் விழுந்த நொடியில் கம்பி எந்தச் சாய்வில் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, திரும்பும்போது அதே சாய்வு வரும்வரை வேகத்தை மாற்றுங்கள். ஜிபிஎஸ் 2.1 காட்டினாலும் 2.9 காட்டினாலும் கவலைப்பட வேண்டாம்.

மூன்றாவது வெப்பம். கோடையில் மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் தனித்தனி அடுக்காகப் பிரியும். இடையில் வெப்பம் சட்டென்று விழும் அடுக்குதான் தெர்மோகிளைன். சோனாரின் உணர்திறனைக் கூட்டினால் மங்கலான பட்டையாகத் தெரியும். சினூக் சால்மன் தேடுவது 50 முதல் 55 டிகிரி. லேக் ட்ரவுட் அதைவிடக் குளிரில், பெரும்பாலும் 50-க்குக் கீழே இருக்கும். நீங்கள் பார்த்த மீன் ஒருவேளை லேக் ட்ரவுட். சால்மன் வேகத்தில் இழுத்தால் அது துரத்தி வராது. குண்டை அடித்தரைக்கு அருகே விட்டு 2 மைலுக்குக் கீழே வந்து பாருங்கள்.

ஒரு கூடுதல் குறிப்பு: கரையிலிருந்து ஏரிக்குள் காற்று இரண்டு நாள் தொடர்ந்து வீசினால் மேலிருக்கும் சூட்டுநீர் அப்பால் தள்ளப்பட்டுக் குளிர்நீர் கரையோரம் மேலேறும். நேற்று 90 அடியில் இருந்த சால்மன் இன்று 30 அடியில் இருக்கும். பழைய ஆழத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் வெறும் கூடையோடு திரும்புவது அந்த நாட்களில்தான்.

கே: லெட்கோர் நரம்பில் (உள்ளே ஈயம் ஓடும், நிறம் மாறி மாறி வரும் நரம்பு) எத்தனை நிறம் விட்டால் எத்தனை அடி?

ப: ஒரு நிறம் 10 கெஜம். 2 மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி என்று எடுத்துக்கொள்ளலாம். வேகம் கூடினால் மேலேறும், குறைந்தால் அமிழும். உங்கள் ஸ்பூனின் (கரண்டிபோன்ற உலோகப் போலி இரை) எடைக்கும், இரைக்கு முன்னால் கட்டும் பின்நரம்பின் நீளத்துக்கும் இந்தக் கணக்கு மாறும். அதனால் தரை மெல்ல ஏறிவரும் இடத்தில் ஐந்து நிறம் விட்டு ஓட்டுங்கள். இரை மணலைத் தட்டும்போது தூண்டில் கோலின் நுனி துடிக்கும். அந்த இடத்து ஆழத்தைக் குறித்துக்கொண்டால் அதுதான் உங்கள் கணக்கு.

கே: டிப்ஸி டைவர் (நரம்பை ஆழத்துக்கும் பக்கவாட்டுக்கும் இழுக்கும் வட்டத் தகடு) இரண்டு விட்டால் பின்னிக்கொள்கிறதே?

ப: அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 0 என்றால் நேரே பின்னால், எண் கூடக் கூடப் பக்கவாட்டில் விலகும். அதே நீள நரம்புக்கு 3-இல் உள்ளது 1-இல் உள்ளதைவிட ஆழம் குறைவாகப் போகும். படகை ஒட்டிய கோலுக்கு 1, வெளிக்கோலுக்கு 3. உள்ளே இருப்பது எப்போதும் ஆழத்தில் இருக்கட்டும்.

கோடையில் நரம்பில் ஈரப்பஞ்சு போல அப்பிக்கொள்வது முள் நீர்த்தெள்ளு. வெளியிலிருந்து வந்து பேரேரிகளில் பரவிய உயிரி. மெல்லிய நரம்பில் அதிகம் ஒட்டும். 30 பவுண்டு தாங்கும் தடித்த மோனோவில் (ஒற்றை இழை நைலான் நரம்பு) குறைவு. அடுத்த ஏரிக்குப் போகுமுன் படகு, ரீல், கயிறு எல்லாவற்றையும் கழுவி, தண்ணீரை வடித்து, காயவிட வேண்டும்.

கே: கிராங்க்பெய்ட் (இழுத்தால் ஆடியபடி ஆழம் போகும் மீன்வடிவப் போலி இரை) ஒரு பக்கமாகவே சாய்ந்து ஓடுகிறது.

ப: மூக்கை உங்கள் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். உங்களை நோக்கி இழுக்கும்போது இடப்பக்கம் விலகினால் நரம்பு கட்டும் வளையத்தை வலப்பக்கம் மயிரிழை வளையுங்கள். குறடால் மெதுவாக, முறுக்காதீர்கள், வளையம் தளர்ந்தால் இரை குப்பைக்குத்தான். படகோரம் ஓடவிட்டு நேராகப் போகிறதா என்று பார்த்த பிறகே பின்னால் விடுங்கள்.

கே: செப்டம்பரில் ஆற்றுமுகத்தில் பெரிய சினூக் துள்ளுகிறது, எதையும் தின்பதில்லை. ஏன்?

ப: அதற்குப் பசி போய்விட்டது. பேரேரிகளுக்கு இவை வந்தேறிகள்; மிச்சிகன் மாநிலம் பசிபிக் கோஹோவை 1966-இலும் சினூக்கை 1967-இலும் விட்டது, பெருகிக் கிடந்த ஏல்வைஃப் மீனைக் கட்டுப்படுத்தவும் மீன்பிடிப்பை வளர்க்கவும். முட்டையிட ஆறு ஏறும் நேரத்தில் இரை எடுப்பதை நிறுத்திவிடும். அதனால் இரையைக் காட்டி ஏமாற்ற முடியாது, சீண்டித்தான் கடிக்கவைக்க வேண்டும். பெரிய ஜே-பிளக் (உருண்டு நீண்ட ஒரு போலி இரை), பளிச்சென்ற நிறம், விடியலுக்கு முந்தைய இருட்டு. வெயில் ஏறிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

கே: ஐயா, வில் பக்கம் வருகிறேன். பயிற்சி முனையில் நடுவில் விழுகிறது. பிராட்ஹெட் (வேட்டைக்கான அகன்ற அலகுள்ள அம்புமுனை) மாட்டினால் 30 கெஜத்தில் நாலு அங்குலம் இடப்பக்கம். சைட்டை (குறிபார்க்கும் கருவி) நகர்த்தவா?

ப: சைட்டைத் தொடாதீர்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழாதென்றால் அம்பு வில்லைவிட்டு நேராகப் புறப்படவில்லை என்று பொருள். பயிற்சி முனையில் இறகு அதைத் திருத்திவிடுகிறது; பிராட்ஹெட்டின் அகன்ற அலகு காற்றைப் பிடித்துப் பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. அம்பு வைக்கும் ரெஸ்ட்டைப் பயிற்சி முனை விழும் திசை நோக்கி நகர்த்துங்கள். உங்களுக்கு அது வலப்பக்கம். ஒரு தடவைக்கு 1/32 அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். மூன்று மூன்று அம்பாக எய்து பார்த்து, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு சைட்டைச் சரிசெய்யலாம்.

அதற்கு முன்னால் அம்பைச் சுழற்றிப் பாருங்கள். முனை தள்ளாடினால் எந்த ரெஸ்ட்டாலும் பயனில்லை. முன்பாரமும் பாருங்கள்: 28 அங்குல அம்பு நாணில் மாட்டும் நுனியிலிருந்து 17.5 அங்குலத்தில் சமநிலையானால், பாதியைவிட 3.5 அங்குலம் முன்னால். 28-ஆல் வகுத்தால் 12.5 சதவீதம். 10 முதல் 15 வரை இருந்தால் வேட்டைக்குச் சரி.

கே: மரத்தில் 20 அடி உயரத்தில் கட்டிய பலகையிலிருந்து வெண்வால் மானை எய்தால் எப்போதும் மேலே போய்விடுகிறது.

ப: கோணத்தின்மேல் பழி போடாதீர்கள். மான் கிடைத்தளத்தில் 20 கெஜத்தில் இருந்தால் கண்ணுக்கும் மானுக்கும் இடையே தூரம் 21 கெஜம்தான். ஒரு கெஜத்தால் அம்பு அவ்வளவு தவறாது. கையை மட்டும் தாழ்த்தி எய்வதுதான் காரணம். நாணை நேர்மட்டத்தில் இழுத்து நிறுத்திவிட்டு இடுப்பிலிருந்து குனியுங்கள். அம்பு எங்கே நுழையும் என்பதைவிட அந்தப் பக்கம் எங்கே வெளியேறும் என்று பார்த்துக் குறிவையுங்கள். நேர் கீழே நிற்கும் மானை விட்டுவிடுங்கள். ஒரு நுரையீரலில் மட்டும் படும் அபாயம் அதிகம்.

முழு உடல் பாதுகாப்பு வார் தரையிலிருந்து கால் எடுக்கும்போதே மாட்டப்பட்டிருக்க வேண்டும். வில்லைத் தோளில் போட்டு ஏறாமல், மேலே போய்க் கயிற்றால் இழுங்கள். அம்புகள் மூடிய அம்பறாத்தூணியிலேயே இருக்கட்டும்.

கே: காற்று சரியான திசையில்தான் இருந்தது. இருந்தும் மாலையில் மான் மோப்பம் பிடித்துவிட்டது.

ப: மலைச்சரிவில் இருந்திருப்பீர்கள். வெயில் ஏறியதும் சூடான காற்று சரிவில் மேலேறும், மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். அமைதியான நாளில் இதுதான் உங்கள் வாடையைச் சுமந்து போகிறது. காலையில் மானுக்கு மேலே, மாலையில் கீழே இருங்கள். மில்க்வீட் செடியின் பஞ்சைப் பையில் வையுங்கள் (நம் எருக்கின் சொந்தக்காரச் செடிதான்). ஒன்றைப் பறக்கவிட்டால் 50 கெஜம் தாண்டிக் காற்று எங்கே திரும்புகிறது என்பதுவரை கண்ணால் பார்க்கலாம்.

கே: அம்பு பட்டது, மான் ஓடிவிட்டது. உடனே இறங்கலாமா?

ப: அம்பைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல்: அரை மணிநேரம் பொறுத்துத் தேடுங்கள். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல்: குறைந்தது நாலு மணி. பச்சைக் கசிவும் நாற்றமும் இருந்தால் குடல்: 8 முதல் 12 மணி. குடலில் பட்ட மான் விரட்டாவிட்டால் அருகிலேயே படுக்கும். எழுப்பிவிட்டால் துளி இரத்தம்கூட இல்லாமல் வெகுதூரம் போகும்.

கே: தாத்தா காலத்து ஈய ரவை நிறைய இருக்கிறது. வாத்துக்குப் போடலாமா?

ப: கூடாது. சேற்றில் விழுந்த ஈயத்தை வாத்துகள் கல்லோடு விழுங்கி நஞ்சேறிச் செத்ததால் 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்குத் தடை. அதற்குப் பதில் எஃகு ரவை. அது ஈயத்தைவிட இலேசு (அடர்த்தி 7.8-க்கு 11.3), சீக்கிரம் வேகம் இழக்கும். ஈயத்தில் 4-ஆம் எண் போட்டவர் எஃகில் 2-ஆம் எண் போடட்டும் (எண் குறையக் குறைய ரவை பெரிது). கனடா வாத்துக்கு பிபி என்ற இன்னும் பெரிய ரவை. எஃகு நசுங்காததால் இறுக்கமாகவே போகும், மாடிஃபைடு சோக் (குழல்முனையின் மிதமான குறுக்கம்; ஃபுல் என்பது இன்னும் இறுக்கமானது) போதும். பழைய துப்பாக்கியின் ஃபுல் சோக்கில் பெரிய எஃகு ரவையைப் போட்டால் குழல் கெடும்.

துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு வேண்டும். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 25 டாலர் கூட்டாட்சி வாத்து முத்திரை (1934 முதல் உண்டு) வேண்டும். காகித முத்திரையானால் மையால் கையெழுத்திட மறக்காதீர்கள். மாநில உரிமமும் நாள் வரம்பும் தனி.

கே: பொம்மை வாத்துகளை எப்படி அடுக்குவது? வாத்து வட்டமடித்துவிட்டுப் போய்விடுகிறது.

ப: பழைய தமிழில் இப்படிக் காட்டி ஏய்க்கும் விலங்குக்குப் பார்வை என்றே பெயர். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகில் படும்படி உட்கார்ந்து, பொம்மைகளை இரண்டு கூட்டமாக்கி, நடுவே 20 கெஜத்தில் வெற்றுநீர் விடுங்கள். இறங்குமிடம் அதுதான். கடைசிப் பொம்மை 35 கெஜத்தில் நின்றால் அதைத் தாண்டிச் சுடக்கூடாது என்பதற்கு அடையாளமாகவும் ஆகும்.

வட்டமடித்துப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அண்ணாந்து பார்க்கும் முகம். காலை வெயிலில் கண்ணாடிபோல் மின்னும். காற்றே இல்லாத நாளில் அசையாத பொம்மைகளும் சந்தேகம் கிளப்பும். ஒரு கயிற்றில் இரண்டைக் கட்டி இழுத்து அலை எழுப்புங்கள். உங்களை நோக்கி வரும் வாத்தைக் கூப்பிடாதீர்கள், திரும்பிப் போகும்போது கூப்பிடுங்கள்.

கே: டிசம்பரில் வேடர்ஸ் (மார்புவரை வரும் நீர்புகாக் காற்சட்டை) போட்டுக்கொண்டு சிறுபடகில் போவது ஆபத்து என்கிறார்கள். தண்ணீர் புகுந்தால் அமிழ்த்திவிடுமா?

ப: உள்ளே புகுந்த தண்ணீர் தண்ணீருக்குள் எடை காட்டாது. மேலேறும்போதுதான் கல்லாகக் கனக்கும். இடுப்புவாரை இறுக்கினால் புகுவது குறையும். ஆளைக் கொல்வது குளிர். முதல் 1 நிமிடம் மூச்சு திணறும், அப்போது நீந்தப் பார்க்காமல் மூச்சை மட்டும் கட்டுப்படுத்துங்கள். அடுத்த 10 நிமிடம்தான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகைப் பற்றி ஏற வேண்டும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணிநேரம் ஆகும், ஆனால் மிதவைச் சட்டை இல்லாதவர் அதுவரை மிதக்கமாட்டார். சட்டையைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பொம்மை மூட்டையைப் படகின் நடுவில் தாழ வையுங்கள், நாயையும் அங்கேயே படுக்கவையுங்கள், இன்ஜினின் நிறுத்துக்கயிற்றை மணிக்கட்டில் மாட்டுங்கள்.