1867-ல் உருவான கனடாவில் அவ்வளவு சீக்கிரம் தேசியவாதம் எப்படித் தலைதூக்கியது?

நாடு உருவானது சட்டத்தால்தான், மக்கள் மனதில் அல்ல. 1867-ல் நான்கு மாகாணங்களை ஒன்றாக்கியது பிரிட்டிஷ் நாடாளுமன்றம். கொடி, வெளியுறவு எல்லாம் லண்டன் கையில். தெற்கே அமெரிக்கா விழுங்கிவிடுமோ என்ற பயம் வேறு. புதிய தேசியம் பற்றி ஊர் ஊராகப் பேசிய அரசியல்வாதி டார்சி மெக்கீ 1868 ஏப்ரலில் ஒட்டாவாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அங்கே ஐந்து இளைஞர்கள் கூடினார்கள். வழக்கறிஞர் வில்லியம் ஃபாஸ்டர், கவிஞர் சார்லஸ் மேர், ஜார்ஜ் டெனிசன் ஆகியோர் அதில் உண்டு. இவர்கள் தொடங்கியதுதான் 'கனடா ஃபர்ஸ்ட்' (கனடாவே முதலில்) இயக்கம்.

ஆனால் இயக்கத்துக்குச் சூடு ஏற்றியது லட்சியம் அல்ல, கோபம். இன்றைய மனிடோபாவில் உள்ள ரெட் ரிவர் பகுதியில், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வம்சாவளியினரான மெட்டி மக்களின் தலைவர் லூயி ரியேல் தற்காலிக அரசு அமைத்தார். அந்த அரசு 1870 மார்ச்சில் தன்னை எதிர்த்த தாமஸ் ஸ்காட் என்ற புராட்டஸ்டன்ட்டைச் சுட்டுக் கொன்றதும், ஆங்கிலம் பேசுவோர் மிகுந்த ஒன்டாரியோ மாகாணம் முழுவதும் கூட்டம் போட்டு ஆத்திரத்தைக் கிளப்பியவர்கள் இவர்களே. 'கனடியர்' என்று இவர்கள் மனதில் வைத்திருந்தது பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டன்ட்டுகளைத்தான். குளிர் நாட்டு இனமே வலிய இனம் என்றுகூட ஹாலிபர்ட்டன் என்ற உறுப்பினர் பேசினார்! பிரெஞ்சுக்காரர்களும் மெட்டிகளும் ஒதுங்கியதில் வியப்பில்லை.

அப்புறம் 1871-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்த வாஷிங்டன் ஒப்பந்தம். கனடாவின் மீன்பிடி உரிமையை அமெரிக்காவுடன் பேரம் பேசி பிரிட்டன் விட்டுக்கொடுத்தது என்ற மனக்குறை பரவியது. 1874-ல் இயக்கம் ஒரு சங்கமாகவும் பத்திரிகையாகவும் வளர்ந்தது. சரி, ஏன் நிலைக்கவில்லை? பேரரசுக்குள் கூடுதல் உரிமையா, தனி நாடா என்பதில் உடன்பாடு இல்லை. இயக்கம் நம்பியிருந்த லிபரல் கட்சி அரசியல்வாதி எட்வர்ட் பிளேக்கும் 1875-ல் லிபரல் அமைச்சரவைக்கே திரும்பிவிட்டார்.