பங்காளி மரங்கள்: தீவு மழைக்காடு பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடியிலிருந்து: ஆச்சி, ஒரே பேரினத்து (நெருங்கிய உறவு இனங்கள் சேர்ந்த தொகுதி) மரங்களுக்குத் தேவையும் ஒன்றுதானே? ஒன்றையொன்று விரட்டாமல் எப்படி நிற்கின்றன? ஒரே வளவில் பல புள்ளிகள் (குடும்பங்கள்) தனித்தனியே உலை வைப்பது மாதிரியா?

பதில்: பாதி அப்படித்தான். இலங்கையின் சிங்கராஜக் காட்டில் குங்கிலியக் குடும்பத்து ஷோரியா மரங்களில், மெஜிஸ்டோபில்லா பள்ளத்தையும் கீழ்ச்சரிவையும் பிடிக்கும், ட்ரபிசிஃபோலியா நடுச்சரிவு, வொர்திங்டோனி முகடு. முகட்டு மண் சீக்கிரம் காய்ந்துவிடும். வறட்சி தாங்கும் கன்று மெதுவாகத்தான் வளரும். வேகமாக வளர்வது வறட்சியில் பட்டுப்போகும். இரண்டு திறமையும் ஒரே மரத்துக்கு வாய்ப்பதில்லை.

மறுபாதி பகையாளிகள். பலர் இதை விட்டுவிட்டு மண்ணையே பேசிக்கொண்டிருப்பார்கள். சூழலியலாளர்கள் ஜான்சென் 1970-லும் கானல் 1971-லும் சொன்னது இது: தாய்மரத்தடியில் விதை குவிகிறது, அதைத் தின்னும் பூச்சியும் பூஞ்சையும் அங்கேயே குவிகின்றன. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் பிளாட்டிபோடியம் என்ற மரத்தின் நாற்றுகள் தாய்மரத்துக்கு அருகில்தான் பூஞ்சையால் வரும் நாற்றழுகலில் அதிகம் செத்தன. அதனால் எந்த இனமும் இடத்தை முழுக்க வளைத்துக்கொள்ள முடியாது. அதே தீவில் இங்கா பேரினத்து மரங்களில், பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை இலையைக் காக்க வெவ்வேறு வேதிப்பொருள் வைத்திருக்கின்றன. ஒன்றைத் தின்னும் புழு மற்றதில் எளிதில் தாவாது.

தேவகோட்டை, முதுகலை தாவரவியல்: அக்கா, ஒரே தரவில் எனக்கு உறவு மரங்கள் கூடி நிற்பதாக வருகிறது, நண்பருக்கு விலகி நிற்பதாக. யார் கணக்கு தப்பு?

பதில்: காட்டைப் பிரித்துக் கணக்கெடுக்கும் கட்டத்தின் அளவைப் பாருங்கள் தம்பி. 100 மீட்டர் கட்டத்தில் முகடும் பள்ளமும் சேர்ந்து விழும். கூடி நிற்பது சரிவின் வேலையாகவே இருக்கலாம். 10 மீட்டரில் பகையின் வேலை தெரியும். 10, 20, 50, 100 என நான்கு அளவிலும் போடுங்கள். தற்செயலாக நின்றால் எப்படி இருக்கும் என்று ஒப்பிட மரங்களின் இடத்தை 999 முறை குலுக்கும்போது, முகட்டு மரத்தை முகட்டுக்குள்ளேயே குலுக்குங்கள்; மொத்தக் காட்டையும் கலந்தால் விடை கெடும். கன்றையும் பெரிய மரத்தையும் தனித்தனியாகப் போடுங்கள், சாவு பெரும்பாலும் நாற்றுப் பருவத்தில்தான். விட்டம் 1.3 மீட்டர் உயரத்தில் எடுக்கவேண்டும். பலகை வேர் இருந்தால் அது முடியும் இடத்துக்கு மேலே.

புதுவயலிலிருந்து: உறவு மரங்கள் பக்கத்தில் நின்றால் மகரந்தம் மாறி இனம் கலந்துவிடாதா?

பதில்: ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள லார்ட் ஹோவ் தீவு 15 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே இரண்டு ஹோவியா பனைகள். ஃபார்ஸ்டீரியானா சுண்ணாம்பு மண்ணில், பெல்மோரியானா எரிமலை மண்ணில். பூக்கும் உச்சத்துக்கு இடையே சுமார் 6 வாரம். கலப்பு அரிது.

கானாடுகாத்தானிலிருந்து: ஆச்சி, குறுங்காட்டில் ஆலும் அரசும் சேர்த்து வைக்கலாமா?

பதில்: கலப்புக்குப் பயப்படவேண்டாம், இரண்டுக்கும் மகரந்தம் சேர்க்கும் குளவி வேறு. ஆனால் சதுர மீட்டருக்கு 3, 4 கன்று நெருக்கும் குறுங்காட்டுக்குள் இவை வேண்டாம். நிழலால் மற்றதை அமுக்கிவிடும். ஊருணிக் கரையில், ஒன்றுக்கொன்று 15 மீட்டராவது விட்டு வையுங்கள். பழைய வீட்டுச் சுவரில் பறவை எச்சத்தில் முளைத்தால் நாலு இலை விடும்போதே வேரோடு எடுங்கள், சுண்ணாம்புக் காரைக்குள் வேர் இறங்கினால் செங்கல் பெயரும்.