பழைய கேசட் கேமுக்கு ஆறாயிரம் ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: "எனக்கு 38 வயது, ஊர் திருச்சி. சின்ன வயதில் டிவியில் மாட்டி, கேசட் போட்டு விளையாடிய வீடியோ கேம் ஒன்று வாங்க ஆசை. ஆன்லைனில் ஒருவர் '1983 ஒரிஜினல் நின்டெண்டோ, ரொம்ப அபூர்வம்' என்று போட்டு, துப்பாக்கியும் மூன்று கேசட்டும் சேர்த்து 6,000 ரூபாய் சொல்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா? வாக்மேன், கேம்பாய் மாதிரிப் பழைய சாமான்களையும் தேடுகிறேன். எங்கே மலிவாகக் கிடைக்கும், ஏமாறாமல் எப்படி வாங்குவது?"

அந்த விலைக்கு வேண்டாம். படத்தைப் பார்த்தேன், அது ஒரிஜினல் நின்டெண்டோ இல்லை. 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ விட்ட அசல் பெட்டியான ஃபேமிகாமில் இரண்டு கன்ட்ரோலரும் பெட்டியோடு நிரந்தரமாகக் கோர்த்திருக்கும், கழற்ற முடியாது. இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட், செலக்ட் பட்டன் இருக்காது, அதற்குப் பதிலாக ஒரு குட்டி மைக் இருக்கும். உங்கள் படத்தில் கன்ட்ரோலர் ஒயர் முன்பக்கம் ஒன்பது பின் சாக்கெட்டில் போய்ச் செருகுகிறது, டர்போ பட்டன் வேறு இருக்கிறது. இது ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் செட். நம் ஊரில் மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயரில் வந்ததே, அந்தக் குடும்பம்தான். நீங்களும் நானும் மரியோவையும் காண்ட்ராவையும் விளையாடியது பெரும்பாலும் இந்த மாதிரி நகலில்தான், அதனால் அதை மட்டமாகச் சொல்லவில்லை. இன்னும் சொன்னால், தைவானில் செய்த நகல் சிப்புகள் சிலவற்றில் ஒலி அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியிருக்கும். அசலில் கேட்கும் இசைக்கும் இதற்கும் ஒரு சின்ன வித்தியாசம் வரும். உங்கள் காதுக்குப் பழகிய மரியோ பாட்டு இந்தத் 'தப்பான' பாட்டாகவே இருக்கலாம், அது வேண்டுமென்றால் நகலைத்தான் தேட வேண்டும்! ஆனால் நகலுக்கு நகல் விலைதான். வேலை செய்கிற நல்ல செட், இரண்டு கன்ட்ரோலர், நாலைந்து கேசட் என்றால் என் கணக்கில் 1,500 வரை போகலாம். ஓடுகிறதா என்றே தெரியாத செட்டுக்கு 500 ரூபாயே அதிகம்.

அந்தப் பழைய நகலையாவது மன்னிக்கலாம், அது நிஜமாகவே பழையது. நின்டெண்டோ பெட்டியைப் போலவே சின்னதாக, '620 கேம் உள்ளேயே இருக்கு' என்று எழுதி இப்போது புதிதாக விற்கும் பொம்மையை, கொஞ்சம் தூசியோடு படம் பிடித்து 'விண்டேஜ்' என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேசட் போடும் வாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, பொதுவாக எப்படிப் பார்த்து வாங்குவது. பழைய எலக்ட்ரானிக்ஸில் எது சாகும், எது சாகாது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் சிப் லேசில் சாகாது. முப்பது வருஷம் பரணில் கிடந்த கேசட்டை எடுத்து, பின்னைத் துடைத்துப் போட்டால் ஓடும். சாவது ரப்பர், பேட்டரி, எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர், லேசர், அப்புறம் கழற்றிக் கழற்றி மாட்டிய சாக்கெட். அதனால் 'டெட், ஸ்பேருக்கு மட்டும்' என்று மலிவாகப் போட்டிருக்கும் பொருளில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். செத்தது என்ன என்று யோசித்தால், பல நேரம் அது நூறு ரூபாய்ச் சமாசாரமாக இருக்கும்.

வாக்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். சோனி முதல் வாக்மேனை விட்டது 1979-இல், அதற்குப் பிறகு வந்தவற்றிலும் பெரும்பாலானவற்றின் உள்ளே மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட் ஓடும். அது காலப்போக்கில் தொய்ந்துவிடும், சிலதில் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொள்ளும். கடையில் கேட்டால் 'ஓடலை சார்' என்பார்கள். நீங்கள் கையோடு கொண்டுபோன பேட்டரியைப் போட்டு, பிளே பட்டனை அழுத்திக் காதில் வைத்துக் கேளுங்கள். மோட்டார் 'ர்ர்ர்' என்று சுற்றுகிறது, ஆனால் கேசட் சக்கரம் அசையவில்லை என்றால் பெரும்பாலும் பெல்ட்தான், முகத்தில் சந்தோஷத்தைக் காட்டாமல் பேரம் பேசுங்கள். சத்தமே இல்லையென்றால் பேட்டரி போடும் இடத்தைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உள்ளேயே விட்டுவைத்த பேட்டரி கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பூ கம்பியோடு நின்றிருந்தால் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டு, பிறகு ஐசோபுரோபில் ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகும். போர்டு வரைக்கும் ஏறிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள்.

கையில் பிடித்து விளையாடும் கேம்பாயிலும் (1989 மாடல், நாலு பென்சில் பேட்டரி) இதே பேட்டரி சோதனைதான். அதன் திரையில் நடுநடுவே மேலிருந்து கீழாகக் கோடு விடுபட்டிருந்தால் பயப்பட வேண்டாம், திரைக்கு அடியில் ஒட்டியிருக்கும் பட்டை ஒயரின் இணைப்பு விட்டிருக்கிறது. சால்டரிங் அயர்னால் பதமாக ஒரு இழுப்பு இழுத்தால் பல நேரம் திரும்ப வந்துவிடும். கேம்பாயில் நிஜமான தலைவலி போலி கேசட். கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டின் வாய்ப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். அசல் என்றால் உள்போர்டில், பின்களுக்குச் சற்று மேலே, நின்டெண்டோ என்ற பெயர் அச்சாகித் தெரியும். லேபிளிலும் கண்ணுக்குச் சட்டென்று படாதபடி அழுந்திய ஒரு சின்ன எண் இருக்கும். பின்னால் சாதாரண பிளஸ் ஸ்க்ரூ இருந்தால் சந்தேகப்படுங்கள், அசலில் பிளஸ் ஸ்க்ரூ வராது. இன்னொன்று, பழைய போக்கிமான் மாதிரி கேசட்டுகளில் ஆட்டத்தைச் சேமிக்க உள்ளே ஒரு நாணய பேட்டரி இருக்கும். அது தீர்ந்திருந்தாலும் ஆட்டம் ஓடும், சேமித்தது மட்டும் நிற்காது. அது குறையே இல்லை, மாற்றிவிடலாம், ஆனால் விலையைக் குறைக்க நல்ல காரணம்.

பிளேஸ்டேஷன் 2 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான், அதனால் ஒரு வார்த்தை: சிடி படிக்க ஒரு லேசர், டிவிடி படிக்க இன்னொன்று. ஒன்று செத்து மற்றது உயிரோடு இருக்கலாம். அடிப்பக்கம் நீலமாக இருக்கும் டிஸ்க் சிடி, வெள்ளியாக இருப்பது டிவிடி, இரண்டையும் போட்டு இருபது நிமிஷமாவது ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சோதிக்க என்ன கொண்டுபோவது என்றால், என் பையில் எப்போதும் இருப்பது இவ்வளவுதான்: மல்டிமீட்டர், டார்ச், காது குடையும் பஞ்சுக்குச்சி, ஒரு சின்ன பாட்டில் ஐசோபுரோபில், பென்சில் பேட்டரி நாலு, ஹெட்போன், நன்றாக ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்த ஒரு கேசட், ஏவி ஒயர், அப்புறம் காரில் ரிவர்ஸ் கேமராவுக்கு மாட்டுவார்களே, அந்தக் குட்டித் திரை. சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் கார் சாமான் கடைகளில் கிடைக்கும், 12 வோல்ட்டில் ஓடும், மஞ்சள் ஏவி பின்னை நேராகச் செருகலாம். கடைக்காரர் 'டிவி இல்லை சார், செக் பண்ண முடியாது' என்று சொன்ன அடுத்த நிமிஷம் இதை எடுத்து வைத்தால் அவர் பேசும் தொனியே மாறிவிடும். கேசட் வேலை செய்யவில்லை என்றால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதித்தான் வளர்ந்தோம், ஆனால் சில கேசட் ஊதியதும் ஓடியதற்குக் காரணம் பெரும்பாலும் அதைக் கழற்றித் திரும்பச் செருகியதுதான். எச்சில் ஈரம் பின்னை அரிக்கத்தான் செய்யும். உப்புத்தாளும் போடாதீர்கள், பின்னின் மேல் பூச்சு போய்விடும்.

அடாப்டர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒன்பது வோல்ட் என்று எழுதியிருக்கிறது, பின்னும் சரியாகச் செருகுகிறது என்பதற்காக மாட்டிவிடக் கூடாது, பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று பார்க்க வேண்டும். சேகா மெகா டிரைவ் என்ற கேம் பெட்டியின் முதல் மாடலுக்கு நடுவில் மைனஸ், இரண்டாவது மாடலுக்கு நடுவில் பிளஸ், ஒரே கம்பெனி, ஒரே மெஷின்! பெட்டியில் சாக்கெட் பக்கத்திலேயே ஒரு வட்டமும் கோடும் போட்டுக் காட்டியிருப்பார்கள், மல்டிமீட்டரால் அடாப்டரைச் சரிபாருங்கள். ஜப்பானில் விற்பதற்கென்று செய்த பழைய அடாப்டர் என்றால் பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கு மட்டும்தான். நான் ஒரு ஃபேமிகாம் அடாப்டரை, அது ஜப்பான் சரக்கு என்று தெரிந்திருந்தும், ஆசையில் நேராக நம் 230 வோல்ட் பிளக்கில் செருகிவிட்டேன். ஒரு 'டப்', கொஞ்சம் புகை, வீடு முழுக்க கருகிய நாற்றம். நல்லவேளை கேம் பெட்டியை அப்போது மாட்டியிருக்கவில்லை.

எங்கே தேடுவது? சென்னைக்கு வந்தால் மூர் மார்க்கெட். 1985 தீயில் பழைய கட்டடம் எரிந்த பிறகு சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைகளைத்தான் ஊர் இன்னும் அந்தப் பெயரில் சொல்கிறது. ஸ்பேருக்கும் ஒயருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரும் இருக்கிறது, ஆனால் அங்கே பழைய சரக்கு எப்போதாவது சிக்கினால்தான் உண்டு. இந்த இடங்களில் கடைக்காரருக்கு விலை தெரியும், உங்களைப் போல நூறு பேர் வந்து கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள், அதனால் 'சல்லிசு' என்பது அங்கே குறைவு.

நீங்கள் திருச்சியில் இருப்பது உண்மையில் வசதி. டவுனுக்குள் பழைய டிவி மெக்கானிக் கடை எத்தனை இருக்கிறது என்று ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். எல்இடி டிவி வந்த பிறகு தொழில் குறைந்து, ஆனாலும் கடையை மூடாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராதவர்களின் சாமான் மேல் ஷெல்ஃப் முழுக்க இருக்கும். போனதும் விலை கேட்காதீர்கள். "அண்ணே, பழைய கேசட் கேம், டேப் ஏதாவது கிடக்குதா?" என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு, நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். எனக்குக் கிடைத்த மெகா டிரைவ் அப்படி வந்ததுதான். தொண்ணூறுகளின் நடுவில் ஷா வாலஸ் கம்பெனி சேகாவை இங்கே விற்றது, ஆனால் விலை அதிகம், அதனால் வாங்கிய வீடுகள் குறைவு. அந்த மெக்கானிக்குக் கேம் என்றால் எல்லாம் ஒன்றுதான், முந்நூறு ரூபாய்க்குக் கொடுத்தார். காயலான் கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள், முக்கியமாக போகிக்கு முந்தின பத்து நாள். பரணை ஒழிப்பது அப்போதுதான், நீங்கள் முந்தாவிட்டால் உடைத்துச் செம்பை எடுத்துவிடுவார்கள்.

ஆன்லைனில் 'நின்டெண்டோ', 'ரெட்ரோ' என்று தேடினால் விலை தெரிந்தவர்கள் போட்டதுதான் வரும். 'பழைய டிவி கேம்', 'கேசட் வீடியோ கேம்' என்று தேடுங்கள், வீடு காலி பண்ணுகிறவர் அப்படித்தான் எழுதுவார். விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள். அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து, ஆன் செய்து, ஆட்டம் ஆரம்பிப்பது வரை வெட்டாமல் எடுக்கச் சொல்லுங்கள். 'நான் ராணுவத்தில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, கூரியர் சார்ஜ் மட்டும் முன்னாடி அனுப்புங்க' என்ற கதை வந்தால் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள். பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், கியூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பர் போடுங்கள் என்றாலும் அப்படியே. நம் கணக்குக்குப் பணம் வர அந்த நம்பர் தேவையே இல்லை.

தேடும்போது வால்வு ரேடியோவும் கண்ணில் படும், மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று. அழகில் மயங்கி உடனே பிளக்கில் செருகாதீர்கள், பல வருஷம் ஓடாத செட்டில் பழைய பேப்பர் கெபாசிட்டர்கள் கசிந்திருக்கும். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு வழியாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட், ஒரு முறை மின்னி மங்கினால் மேற்கொண்டு பார்க்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டுகளில் உள் தகட்டிலேயே கரன்ட் நிற்க வாய்ப்புண்டு, அதனால் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் திறக்க வேண்டாம். பழைய ரேடியோ, டிவிக்குள் 'ரெட் மெர்க்குரி' இருக்கிறது, பல லட்சம் போகும் என்று ஒரு புரளி நம் ஊரிலும் சுற்றியது. அப்படி ஒரு பொருள் அதற்குள் கிடையாது. அதை நம்பி விலை ஏற்றிச் சொல்கிறவரிடம் வாதாடவும் வேண்டாம்.

கடைசியாக அந்தத் துப்பாக்கி. உங்கள் எல்இடி டிவியில் அது வேலை செய்யாது, துப்பாக்கி நல்லதாகவே இருந்தாலும். வாத்து சுடும் ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும், துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்து 'பட்டது' என்று சொல்லும். அது படக்குழாய் டிவியின் வெளிச்சத் துடிப்புக்கும் நேரத்துக்கும் ஏற்பச் செய்தது, புது டிவி படத்தை வாங்கிக் காட்டுவதற்குள் அந்த நேரம் தாண்டிவிடும். ஆகவே விற்பவர் துப்பாக்கிக்கென்று தனி விலை சொன்னால், உங்களிடம் பழைய டிவி இருந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லாவிட்டால் அந்த மெக்கானிக் அண்ணனிடமே ஒரு 14 இஞ்ச் கலர் டிவி கேளுங்கள், இடத்தை அடைக்கிறது என்று சும்மாவே கொடுத்தாலும் கொடுப்பார். பின்மூடியைக் கழற்ற வேண்டாம், அணைத்த பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். தூக்கும்போது கண்ணாடிப் பக்கம் உங்கள் நெஞ்சோடு சேர்ந்து இருக்கட்டும், எடை முழுக்க அந்தப் பக்கம்தான்.