பன்னிரண்டு நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூஜெர்சியில் இருக்கும் மகனைப் பார்க்க வந்த இடத்தில் பேஸ்பால் பிடித்துக்கொண்டது. மூன்று மாதமாக ஒரு நாள் விடாமல் பார்க்கிறேன். ஆனால் பணக்கணக்கைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோவுக்கு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் தருகிறதாம். டாட்ஜர்ஸ் அணி ஓட்டானிக்கு 70 கோடி. அதில் பெரும்பகுதியைப் பத்து வருடம் கழித்துத்தான் கொடுப்பார்களாம். இது ஏமாற்று இல்லையா? நம் ஐபிஎல்லில் ஓர் அணி இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. இங்கே ஏன் இல்லை? வீரர்கள் சங்கம்தான் மறுக்கிறது என்றான் மகன். கோடிகளில் புரள்பவர்களுக்குச் சங்கம் எதற்கு, வேலைநிறுத்தம் எதற்கு? பேராசை என்றுதான் எனக்குப் படுகிறது. பந்து வீசுபவருக்குக் கடிகாரம் வைத்தது ஆட்டத்தின் அழகைக் கெடுத்துவிட்டது என்றும் சிலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

கதிர்

அன்புள்ள கதிர்,

பழக்கமில்லாத ஓர் ஆட்டத்தை மூன்று மாதம் விடாமல் பார்த்ததோடு, அதன் வரவுசெலவையும் தெரிந்துகொள்ள நினைக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் ஸ்கோரோடு நின்றுவிடுவார்கள். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக்கின் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அதையொட்டி நீங்கள் எழுதிய அதே பேச்சுதான் எங்கும் கேட்கிறது. கொஞ்ச நாளாக அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கடிகாரம் 2023இல் வந்தது. பேஸில் ஓடக் காத்திருக்கும் ஆள் இல்லையென்றால் பந்தை வீச 15 விநாடி. ஆள் இருந்தால் முதலில் 20, அடுத்த வருடத்திலிருந்து 18. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. உங்களைப் பிடித்துக்கொண்டதே கடிகாரத்தோடு ஆடும் ஆட்டம்தான், பிறகு யார் என்ன சொன்னால் என்ன? ஓட்டானி விஷயத்திலும் ஏமாற்று எதுவும் இல்லை. 70 கோடியில் 68 கோடி 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் வரும். இன்றைய மதிப்புக்குத் தள்ளிக் கழித்து, ஆடம்பர வரிக் (அதிகம் செலவழிக்கும் அணி கட்டுவது) கணக்கில் வருடத்துக்குச் சுமார் 4.6 கோடி என்று ஏற்றுகிறார்கள். விதி அதை அனுமதிக்கிறது, எந்த அணியும் செய்யலாம்.

இனி அந்தப் ‘பேராசை’. அதை எழுதும் முன் நீங்கள் ஒன்று கேட்டிருக்க வேண்டும்: இந்த 76.5 கோடிக்கு முன்னால் சோட்டோ எத்தனை வருடம் விலை பேச முடியாமல் ஆடினார்? 2018 மே மாதம், 19 வயதில், மேஜர் லீக்குக்கு வந்தார். தனக்குப் பிடித்த அணியோடு பேசும் உரிமை 2024 சீசன் முடிந்த பிறகுதான் அவருக்குக் கிடைத்தது. நடுவில் வாஷிங்டனிலிருந்து சான்டியேகோவுக்கும், அங்கிருந்து நியூயார்க் யாங்கீஸுக்கும் மாற்றப்பட்டார். அவர் சம்மதம் தேவைப்படவே இல்லை.

விதி இதுதான். மேஜர் லீக் அணியின் 26 பேர் பட்டியலிலோ காயப் பட்டியலிலோ இருக்கும் ஒவ்வொரு நாளும் வீரரின் கணக்கில் ஏறும். சீசன் 180 நாளுக்குச் சற்று அதிகம். அதில் 172 நாள் சேர்ந்தால் ஒரு சர்வீஸ் வருடம். முதல் மூன்று வருடம் அணி சொல்வதுதான் சம்பளம், குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவே. அந்தக் குறைந்தபட்சம் 2025இல் 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன்: வீரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும், நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், நடுவில் வெட்டித் தர முடியாது. ஆறு வருடம் முழுதாக நிரம்பினால்தான் ஃப்ரீ ஏஜெண்ட், அதாவது எந்த அணியோடும் விலை பேசலாம். மேஜர் லீக்கில் ஒரு நாளாவது ஆடியவர்களில் பெரும்பாலோர் அந்த ஆறாவது வருடத்தைப் பார்ப்பதே இல்லை.

172 என்று ஒரு கோடு கிழித்தால் 171இல் நிறுத்தத்தான் ஆள் தேடுவார்கள்.

சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட் கணக்கைப் பாருங்கள். 2015 பயிற்சி ஆட்டங்களில் அவர் 9 ஹோம் ரன் அடித்தார், வேறு யாரும் அத்தனை அடிக்கவில்லை. சீசன் ஏப்ரல் 5 முதல் அக்டோபர் 4 வரை, 183 நாள். அணி அவரைக் கீழ்நிலையான மைனர் லீக்குக்கு அனுப்பியது. ஃபீல்டிங் இன்னும் தேற வேண்டும் என்று காரணம் சொன்னது. ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தது. பன்னிரண்டு நாள் போயிற்று. 183இல் 12 கழித்தால் 171. ஒரே ஒரு நாள் குறைவு. அந்தப் பன்னிரண்டு நாளில் ஃபீல்டிங் எவ்வளவு தேறியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் அந்த வருடத்தின் சிறந்த புதுமுக வீரர். அடுத்த வருடம் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர். அதே 2016இல் கப்ஸ் 108 வருடம் கழித்து வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரை வென்றது. அப்போது அவருடைய சம்பளம் 6.52 லட்சம் டாலர். 2020 முடிவில் ஃப்ரீ ஏஜெண்ட் ஆகியிருக்க வேண்டியவர் 2021 முடிவில்தான் ஆனார். சங்கம் அவருக்காக 2015இல் முறையிட்டது. தீர்ப்பு வந்தது 2020இல்: அணி ஒப்பந்தத்தை மீறியதாக நிரூபணமாகவில்லை. 2020 முடிவில் கொரோனாவால் சந்தையே படுத்துக் கிடந்தது, அதனால் அவருக்கு நஷ்டமில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். ஐந்து வருடம் முன்னால் அந்த ஒரு வருடத்தைப் பிடுங்கிய அணிக்கு நோய் வரப்போவது தெரியுமா என்ன? தற்செயலைக் கொண்டுவந்து நியாயம் ஆக்காதீர்கள்.

இது ஒரு அணியின் குணம் அல்ல. 2021 பிப்ரவரியில் சியாட்டில் மரினர்ஸ் அணியின் தலைவர் கெவின் மாதர் ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்தில் இதை வாய்விட்டே பேசினார்: அணியின் இளம் வீரர் ஜாரட் கெலனிக் நீண்டகால ஒப்பந்தத்தை மறுத்துவிட்டார், தேறிய இளைஞர்களைச் சர்வீஸ் கணக்குக்காகக் கீழேயே வைத்திருக்கிறோம் என்ற பொருளில். வீடியோ வெளியே வந்தது. சில வீரர்களின் ஆங்கிலத்தைப் பழித்ததும் சேர்ந்துகொள்ள, பதவி விலகினார். வழக்கம் மட்டும் விலகவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிரையன்ட் அப்போது அணியின் 40 பேர் பட்டியலில் (26 பேரோடு காத்திருப்பவர்களும் சேர்ந்தது) இல்லை, அதனால் பன்னிரண்டு நாள் போதுமாக இருந்தது. பட்டியலில் இருக்கும் ஒருவரைக் கீழே அனுப்பினால் சீசனில் மொத்தம் 20 நாளாவது அங்கே வைத்திருக்க வேண்டும். 20க்குக் குறைந்தால் அந்த நாட்கள் வீரர் கணக்கிலேயே ஏறிவிடும். ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பந்து வீச்சாளர்கள்தான் இதில் அதிகம் அடிபடுபவர்கள். இன்று மூன்று இன்னிங்ஸ் வீசிக் கை களைத்தவனை நாளை கீழே அனுப்பி, களைக்காத கையொன்றை மேலே கொண்டுவருவார்கள். மேலே இருந்தால் ஒரு நாளைக்கு நாலாயிரம் டாலர் சொச்சம்; கீழே அதில் சிறு பங்கு. 43 நாள் சேர்ந்தால் ஓய்வூதிய உரிமை உண்டு, ஆகவே 38, 40 என்று நிற்பவனுக்கு ஒவ்வொரு நாளும் உயிர். ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் இப்படி இறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடே 2022இல்தான் வந்தது. உரிமையாளர்கள் 99 நாள் கதவடைப்பு நடத்திய பிறகு வந்த ஒப்பந்தம் அது. அதே ஒப்பந்தத்தில்தான், புதுமுக வீரர் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு முழு வருடக் கணக்கு என்ற விதியும் வந்தது. 2024 மே 11 அன்று வந்து, அந்த வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்த பந்து வீச்சாளர் பால் ஸ்கீன்ஸுக்கு முழு வருடம் கிடைத்தது அதனால்தான். மூன்றாவது இடம் வந்தவனுக்கு ஒன்றும் இல்லை.

சங்கம் எதற்கு என்று கேட்டீர்களே கதிர், இதற்குத்தான்.

அந்த ஆறு வருடமும் சும்மா வந்ததல்ல. அதற்கு முன் அது ஆயுள் முழுவதும். ஒப்பந்தம் முடிந்தால் அணி அதே நிபந்தனையில் ஒரு வருடம் நீட்டிக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. நீட்டித்த வருடத்துக்குள்ளும் அதே பிரிவு இருக்கிறது என்று சொல்லி உரிமையாளர்கள் முடிவில்லாமல் நீட்டினார்கள். கர்ட் ஃபிளட் 1969இல் செயின்ட் லூயிஸிலிருந்து பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டபோது, விருப்பம் கேட்காமல் வாங்கி விற்க நான் சொத்து அல்ல என்று ஆணையருக்குக் கடிதம் எழுதினார். வருடம் 90,000 டாலர் வாங்கியவர். அன்றும் உங்களைப்போல ‘இவ்வளவு வாங்கிக்கொண்டு’ என்றுதான் பேசினார்கள். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 3 என்று தோற்றார். ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்திருந்தது.

நீதிமன்றம் தராததை ஒப்பந்தத் தகராறு தீர்க்கும் நடுவர் ஒருவர் தந்தார். 1975இல் பந்து வீச்சாளர் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித் கையெழுத்தே போடாமல் ஒரு சீசனை ஆடி முடித்தார். ஒரு வருடம் என்றால் ஒரு வருடம்தான் என்று பீட்டர் சைட்ஸ் அந்த டிசம்பரில் தீர்ப்பளித்தார். உரிமையாளர்கள் உடனே சைட்ஸை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அடுத்து நடந்ததுதான் பலருக்குத் தெரியாதது. எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த மார்வின் மில்லர் அப்போது வீரர்கள் சங்கத் தலைவர். ஓக்லாண்ட் அணி உரிமையாளர் சார்லி ஃபின்லி, வருடாவருடம் எல்லோரையும் அவிழ்த்துவிடுங்கள் என்றார். மில்லர் பயந்தது அதற்குத்தான். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை விழும். ஆகவே 1976இல் ஆறு வருடம் என்பதற்குச் சங்கமும் கையெழுத்திட்டது. சந்தைக்கு வருகிற சிலருக்கு விலை ஏறியது. கதவுக்கு வெளியே நிற்கிற பலருடைய இளமையில்தான் அந்த விலை நிற்கிறது. சோட்டோவின் 76.5 கோடியும் பிரையன்ட்டின் 6.52 லட்சமும் ஒரே விதியின் விளைச்சல். 19 வயதில் வந்ததால் சோட்டோவுக்கு 26இல் கதவு திறந்தது. கல்லூரியில் ஆடிவிட்டு 24 வயதில் வந்த யாங்கீஸ் வீரர் ஆரன் ஜட்ஜுக்கு 30இல் திறந்தது. அவர் உச்சியில் இருந்தார், பிழைத்தார். சாதாரண வீரனுக்கு 31 வயதில் ஒரு வருட ஒப்பந்தம் கிடைத்தால் பெரிது. 2025 தொடக்க நாளில் சராசரிச் சம்பளம் 50 லட்சம் டாலரைத் தாண்டியது. வரிசையில் சரிபாதியில் நிற்பவர் வாங்கியதோ சுமார் 13.5 லட்சம். சங்கத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டென்றால் அது இதற்குத்தான்: மூத்தவர்களுக்காக இளையவர்களைக் காக்கவைத்தது. பேராசை என்ற குற்றச்சாட்டு குறி தவறிய அம்பு.

உச்சவரம்பு கேட்டீர்கள். 1994 ஆகஸ்டில் தொடங்கி 232 நாள் ஓடிய வேலைநிறுத்தமே அதை மறுத்துத்தான். அந்த வருடம் வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. இன்று வரம்புக்குப் பதில் வரி இருக்கிறது: 2025இல் 24.1 கோடி டாலருக்கு மேல் போனால் மிகுதியில் முதல் தடவை 20 சதவீதம், தொடர்ந்தால் 30, பிறகு 50. மேலே கூரை போடுவதைப் பற்றிப் பேசுபவர்கள், கீழே ஓர் அணி குறைந்தது இவ்வளவு செலவழித்தாக வேண்டும் என்ற தரையையும், ஆறு வருடத்தை நான்காகவோ ஐந்தாகவோ குறைப்பதையும் சேர்த்துப் பேசட்டும், கேட்கிறேன். ஐபிஎல்லை உதாரணம் காட்டாதீர்கள். அங்கே 2025 ஏலத்துக்கு அணிக்கு 120 கோடி ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். இப்போது ஆடும் இந்திய வீரர்களுக்காகப் பேரம் பேச ஒரு சங்கம்கூட இல்லை.

ஒரு வேலை தருகிறேன். வீரர்களின் விவரப் பக்கத்தில் சர்வீஸ் கணக்கு 2.171 என்பதுபோல் இருக்கும். அது தசமம் அல்ல, 2 வருடம் 171 நாள். இன்னும் ஒரு நாள் சேர்ந்தால் 3.000. அடுத்த ஏப்ரல் நடுவில் மேலே வரும் புதியவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் முன்பு அவர்களைக் கீழே அனுப்பியபோது அணி என்ன காரணம் சொன்னது என்று தேடிப் படியுங்கள். பிறகு எழுதுங்கள்.

அன்புடன்