பழைய ஸ்விஃப்ட்: சத்தம், செலவு, சந்தேகம்

மதுரையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறை நடத்திவருகிறேன். பழைய மாருதி ஸ்விஃப்ட் கார் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் குறிப்பிடும் தொகைகள் யாவும் எங்கள் ஊர்த் தனியார் பட்டறைகளின் தோராயக் கணக்கே. கம்பெனி சர்வீஸில் கூலி இதைவிடக் கூடும்.

கேள்வி: ஐயா, 2014 பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன், 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேகத்தடையில் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது. சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்ற 22,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மெதுவாகப் போகும்போது சிறு மேடு பள்ளங்களில் மட்டும் கடகடத்தால், பெரும்பாலும் தேய்ந்திருப்பது லிங்க் ராடுதான் (வண்டி சாயாமல் தாங்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு). இரண்டு பக்கமும் மாற்றக் கூலியோடு 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டொக்’ என்று கேட்டால் ஸ்ட்ரட் மவுண்ட்டைப் பார்க்க வேண்டும்; ஸ்ட்ரட் என்பது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம், அதன் மேல்முனையை வண்டியோடு பிணைப்பது மவுண்ட். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுத்தாலோ டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தாலோ லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் கையின் ரப்பர் இணைப்பு) போயிருக்கலாம். ஸ்ட்ரட்டின் மேல் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால்தான் ஷாக் அப்சார்பருக்குச் செலவழிக்க வேண்டும். முன்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து 6,000 முதல் 8,000 ரூபாய் வரை ஆகலாம். எந்தப் பாகம் ஆடுகிறது என்று லிஃப்டில் ஏற்றிக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: 2013 டீசல் ஸ்விஃப்ட் ஒன்றைப் பார்த்தோம், ஓடோமீட்டர் 1,40,000 காட்டுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் உலோகம் உரசுவது போன்ற சத்தம் வந்து பிறகு அடங்கிவிடுகிறது. டீசல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார் விற்பவர்.

பதில்: அது பாதி உண்மைதான். அந்த வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின்; குளிரில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் கரகரக்கத்தான் செய்யும். ஆனால் உலோக உரசல் வேறு. இந்த இன்ஜினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் கிடையாது, அந்த வேலைக்குச் செயின்தான் உண்டு. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தால், செயின் தேய்ந்து நீண்டு, ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறும் வரையிலான அந்தச் சில விநாடிகளில் தளர்ந்து அடிக்கும். இந்த நிலையில் செயின் கிட்டை மாற்றினால் 12,000 முதல் 18,000 ரூபாய்க்குள் தப்பித்துவிடலாம். கவனிக்காமல் ஓட்டிச் செயின் பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன் பிறகு 50,000 ரூபாயிலும் நிற்காது.

ஆகவே, வாங்குவதற்கு முன் அறிவிக்காமல் காலையில் போய், முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜின் சூடாக இருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஓடோமீட்டரைத் திருத்துவது இன்று பெரிய வித்தை அல்ல என்பதால், அந்த எண்ணைவிட ஆயில் மாற்றிய பில்களையே நான் நம்புகிறேன். தொடர்ச்சியான பில் உள்ள 1,60,000 கிலோமீட்டர் வண்டியை, பில்லே இல்லாத 70,000 கிலோமீட்டர் வண்டிக்கு மேலாகச் சொல்வேன். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை குறைவாக இருப்பது மட்டும் அந்த இன்ஜினின் சுபாவம். அதைக் காட்டி டர்போ போய்விட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீலப் புகை வந்தால் மட்டும் டர்போவையும் பிஸ்டன் ரிங்கையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி கேஸ் நிரப்புகிறேன். ஒவ்வொரு முறையும் 1,800 ரூபாய் போகிறது. இது சாதாரணம்தானா?

பதில்: இல்லை அம்மா. ஏசி கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அன்று, எங்கோ கசிகிறது. சாயம் செலுத்திக் கசிவைத் தேடச் சொல்லுங்கள். கூலிங் காயில் ஓட்டையானால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருப்பதால், காயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 7,000 முதல் 10,000 ரூபாய் வரை ஆகலாம். நீங்கள் ஓராண்டில் கேஸுக்குக் கொடுத்த பணமே ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்திருக்கும்.

கேள்வி: 2018 ஏஎம்டி (கியரைத் தானே மாற்றிக்கொள்ளும்) மாடலில் கிளட்ச் சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே, ஐயா?

பதில்: ஓட்டுபவரைப் பொறுத்தது. கிளட்ச் பெடல் இல்லையே தவிர, உள்ளே இருப்பது மற்ற ஸ்விஃப்ட்டில் உள்ளதைப் போன்ற கிளட்ச்தான். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால், அது கருகிவிடும். கிளட்ச்சை மாற்றும்போது, அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்ற அளவை ஸ்கேனர் வைத்து வண்டியின் கணினியில் மறுபடியும் பதிய வைக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2010க்கு முந்தைய 1.3 பெட்ரோல் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அதில் இருப்பது டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சான்று இல்லையென்றால், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். பதிவாகி 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து, அந்தச் செலவையும் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னை வண்டி ஒன்று சந்தை விலையைவிட மிகக் குறைவாக வருகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 2015 வெள்ளத்துக்குப் பிறகும் 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் அத்தகைய வண்டிகள் தென்மாவட்டங்களுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். இருக்கையைத் துவைக்கிறவர்கள் அந்த நாடாவின் அடிப்பகுதியை மறந்துவிடுவார்கள், சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் சேறு படிந்திருக்கிறதா என்பதையும், முன் இருக்கையின் அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இம்மூன்றில் ஒன்று சிக்கினாலும், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டி வேண்டாம்.